நடுத்தர மனிதனுக்கு நீதி வேண்டும்

திருகோணமலைத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிய காலம் போயிற்று. சீனன்குடாவில் ஆங்கிலேயர் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகள் அக்காலத்தின் சாட்சியாய் இன்றும் நிற்கின்றன. அவற்றின் நிழலில் வாழும் உழைப்பாளியின் சட்டைப்பைக்காக இன்று வேறொரு போட்டி நடைபெறுகின்றது. அதுவே கையடக்கத் தொலைபேசிக் கம்பனிகளின் போட்டி. வியாபாரிகளின் விவகாரத்தில் அரசியற் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது என்பதே நமது பதில்.

கையடக்கத் தொலைபேசி ஆடம்பரப் பொருளாயிருந்த காலம் மலையேறிவிட்டது. 2020 இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அதுவே வகுப்பறையாயிற்று. அது இல்லாத வீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வெளியே நின்றது. சீனன்குடா மா ஆலைத் தொழிலாளிக்கும், கிண்ணியா மீனவனுக்கும், கடல் கடந்து உழைக்கும் மகனின் முகத்தைக் காணத் துடிக்கும் தாய்க்கும் அது இன்று தொழிற்கருவி, உறவுப் பாலம்.

இச்சந்தை இரு தட்டுக்களாய்ப் பிரிந்திருக்கிறது. மேல் தட்டில் அப்பிளும் சம்சுங்கும் கோலோச்சுகின்றன. 2017 இல் அப்பிள் தனது ஐபோன் எக்ஸ் கருவிக்கு 999 டொலர் விலை குறித்தபோது உலகம் வியந்தது. இன்று அவ்விலை வியப்பூட்டுவதில்லை. நடுத் தட்டில் சியோமி, ஒப்போ, விவோ முதலிய சீனக் கம்பனிகளும் சம்சுங்கும் சிறு இலாபத்துக்குக் கடும் போர் புரிகின்றன. இப்போரினால் மக்கள் நன்மை அடைந்ததை நாம் மறுக்கவில்லை. நேற்று மேல் தட்டுக்கே உரியனவாயிருந்த தெளிவான திரையும் விரைவான மின்னேற்றமும் இன்று நடுத்தர விலைக்குக் கிடைக்கின்றன.

ஆனால், போட்டி கொடுக்காத ஒன்று உண்டு. அதுதான் ஆயுள். 2023 இல் கூகிளும் 2024 இல் சம்சுங்கும் தம் உயர்விலைக் கருவிகளுக்கு 7 ஆண்டுகள் மென்பொருட் பாதுகாப்பு வழங்குவதாக வாக்களித்தன. நடுத்தரக் கருவிகள் பலவற்றுக்கோ அதிற் பாதிக் காலந்தானும் உறுதியில்லை. கருவி கெடாதிருக்கும்போதே பாதுகாப்பு நின்றுவிடுகிறது. வங்கிக் கணக்கையும் அதில் வைத்திருக்கும் ஏழை ஆபத்தின் வாயிலில் நிற்கிறான். மலிவான கருவிக்கு நீண்ட பாதுகாப்பு இயலாது என்பது உண்மையா? 2024 இல் வந்த சம்சுங் ஏ16 என்னும் குறைந்த விலைக் கருவிக்கு 6 ஆண்டுப் பாதுகாப்பு வாக்களிக்கப்பட்டது. ஆகவே, இல்லாதது வல்லமையன்று, மனமே.

இனி, நமது அரசாங்கத்தின் பங்கைப் பார்ப்போம். 2022 மார்ச்சில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அந்த அடியிலிருந்து மக்கள் நிமிருமுன்னரே, 2024 ஜனவரி 1 முதல் கையடக்கத் தொலைபேசிக்கிருந்த வரிவிலக்கு நீக்கப்பட்டு, 18 வீதப் பெறுமதி சேர் வரி விதிக்கப்பட்டது. செல்வர் பெருமைக்கு வாங்கும் கருவிக்கும், தொழிலாளி தேவைக்கு வாங்கும் கருவிக்கும் ஒரே வீதம்! எண்ணிற் சமமாயிருப்பது சுமையிற் சமமாகிவிடுமா?

2025 ஜனவரி 28 முதல், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு பெறாத புதிய கருவிகளுக்கு வலையமைப்பிலே இடமில்லை என்றாயிற்று. களவையும் வரி ஏய்ப்பையும் தடுக்கும் நோக்கம் நன்றே. அதை நாம் ஆதரிக்கிறோம். ஆயினும், மலிவாய் வாங்குவதற்கிருந்த பக்கவாசலை அடைத்த அரசாங்கம், தலைவாசலின் சுங்கத்தைக் குறைக்கக் கடமைப்பட்டுள்ளது. இரண்டையும் அடைத்துவிட்டு நாட்டை மின்னியல் மயமாக்குவோம் என்று மேடைதோறும் முழங்குவதிற் பொருளில்லை.

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, ஒரு விலை எல்லையை வகுத்து, அதற்குட்பட்ட கருவிகளுக்கு வரிவிலக்கு அளிக்க வேண்டும். இரண்டாவது, மென்பொருட் பாதுகாப்பு எத்தனை ஆண்டு, உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு என்பதைக் கம்பனிகள் பெட்டியின் மேலேயே அச்சிடச் செய்ய வேண்டும். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியம், விற்பனை முடிந்த பின்னரும் 5 ஆண்டுகள் மென்பொருட் பாதுகாப்பு வழங்கப்பட வேண்டும் என்று சட்டமாக்கியுள்ளது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த நமது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை எதற்காக இருக்கிறது? மூன்றாவது, அந்த அறிவித்தல் தமிழிலும் இருக்க வேண்டும். வாசிக்க முடியாத உத்தரவாதம் உத்தரவாதமே அன்று.

நம் இளைஞருக்கும் ஒரு சொல். பழத்தின் சின்னத்துக்காகத் தவணைக் கடனில் ஓராண்டு உழைப்பை அடகு வைக்காதீர்கள். கடைக்காரரிடம் ஒளிப்படக் கருவியின் வலிமையைக் கேட்குமுன், இக்கருவி எத்தனை ஆண்டு பாதுகாப்பாயிருக்கும் என்று கேளுங்கள். அக்கேள்வி ஒவ்வொரு கடையிலும் ஒலிக்குமாயின், கம்பனிகள் பதில் சொல்லியே தீரும். அரசாங்கத்தைப் பதில் சொல்ல வைக்கும் பொறுப்பு நம் பிரதிநிதிகளுடையது. அவர்கள் பாராளுமன்றத்தில் வாய் திறப்பார்களா?