அந்த அட்டை யார் பேர்ல இருக்கு?

சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலை பாக்குற நம்ம பிள்ளைங்க ஊருக்கு வந்தா ஆச்சரியமா ஒண்ணு சொல்லுதாங்க. "வள்ளியூர்ல பூக்கார ஆச்சி வரைக்கும் ஜிபே வந்துட்டே!" உண்மைதான். டீக்கடை, பழ வண்டி, பனங்கிழங்கு விக்கிற சாக்குப் பக்கத்துல கூட க்யூஆர் அட்டை நிக்குது. 2016 ஏப்ரல்ல ஆரம்பிச்ச யுபிஐ, 2025 ஆகஸ்ட்ல ஒரே மாசத்துல 2,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டிட்டு. லேசுப்பட்ட விஷயம் இல்ல.

ஆனா அட்டை வச்சுட்டாலே வியாபாரிக்கு உதவி பண்ணியாச்சுன்னு நினைக்கக் கூடாது. நான் கேக்குறது ஒரே கேள்விதான். அந்த அட்டை யார் பேர்ல இருக்கு?

கீரை விக்கிற ஆச்சிகிட்ட ஸ்கேன் பண்ணிப் பாருங்க. பல நேரம் ஒரு ஆம்பளைப் பேரு வரும். மகனா இருக்கும், மருமகனா இருக்கும், சில சமயம் பக்கத்துக் கடைக்காரரா இருக்கும். ஆச்சிகிட்ட இருக்கது பட்டன் போன். நீங்க போட்ட 40 ரூபா எங்கயோ திருப்பூர்ல இருக்க மகன் போன்ல போய் விழுது. வந்துதா இல்லையான்னு ஆச்சிக்குத் தெரியாது. நீங்க போனைத் திருப்பிக் காட்டுறீங்க, அவங்க தலையாட்டுறாங்க. காட்டினது போலியா இருந்தாலும் அதே தலையாட்டுதான்.

சுருக்குப்பையில இருந்த வரைக்கும் அது அவங்க காசு. மருந்து வாங்கணுமா, பேத்திக்கு மிட்டாய் வாங்கணுமா, யாரையும் கேக்க வேண்டாம். மகன் கணக்குக்குப் போயிட்டா அது கேட்டு வாங்குற காசு. கேக்காமலே குடுக்கிற பிள்ளைங்க உண்டு. கேட்டாலும் குடுக்காத வீடும் உண்டு.

இத்தனைக்கும் அவங்களுக்கு பேங்க் கணக்கு இல்லாம இல்ல. 100 நாள் வேலைச் சம்பளம், முதியோர் உதவித்தொகை, 2023 செப்டம்பர்ல இருந்து மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபா, இப்படி ஏதாவது ஒண்ணு அவங்க பேருக்கு வந்துட்டுதான் இருக்கு. சர்க்கார் பணம் வர்ற அந்தக் கணக்குக்கு வியாபாரப் பணம் வர முடியாதா? முடியும். அந்தக் கணக்குக்கே பேங்க்ல ஒரு அட்டை வாங்கலாம். பணம் வந்ததைத் தமிழ்ல சத்தமாச் சொல்ற ஸ்பீக்கர் பெட்டி இருக்கு. பட்டன் போன்ல இருந்தே பணம் அனுப்பவும் இருப்புப் பாக்கவும் 2022 மார்ச்சுல யுபிஐ 123பே வந்தாச்சு. வழி எல்லாம் இருக்கு. கூட உக்காந்து சொல்லிக் குடுக்கத்தான் ஆள் இல்ல. பெட்டிக்கு மாச வாடகை கேக்குறாங்கன்னா, சின்ன வியாபாரிக்கு மட்டுமாவது அதைத் தள்ளிவிடச் சொல்லி வியாபாரிகள் சங்கம் பேங்க்ல பேசலாமே.

அடுத்தது, அவங்க காசு குடுக்க வேண்டிய இடம். விடியக்காலம் கமிஷன் கடையில சரக்கு எடுக்க ரொக்கம் வேணும். சாயங்காலம் தினவசூல்காரருக்கு ரொக்கம் வேணும். நடுவுல வர்ற காசை மட்டும் போன்ல வாங்குன்னா, அவங்க கூடையைப் போட்டுட்டு ஏடிஎம்முக்கு ஓடணும். அதனால மாத்தத்தை மேல இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுதேன். கமிஷன் கடை அண்ணாச்சி அஞ்சுக்கும் பத்துக்கும் விக்கிறவங்ககிட்ட போன்ல வாங்கட்டும். எங்களை மாதிரி விவசாயிக்கும் கணக்குலயே போடட்டும். துண்டுச் சீட்டுல எழுதுறதை விட எங்களுக்கு அது நல்லதுதான்.

தினவட்டியில இருந்து வெளிய வரவும் இந்தப் பேர் விஷயம் முக்கியம். தெருவோர வியாபாரிங்களுக்கு பி.எம். ஸ்வநிதி கடன் 2020 ஜூன்ல வந்துது. முதல் தவணை அப்போ 10,000 ரூபா, இப்போ 15,000. ஒழுங்காக் கட்டினா வட்டியில 7 சதவீதம் மானியம். டிஜிட்டல்ல விக்கிறவங்களுக்கு கேஷ்பேக்கும் உண்டு. விற்பனை எல்லாம் மகன் பேர்ல பதிவானா ஆச்சிக்கு அதுல என்ன கிடைக்கும்?

வரி பயத்தையும் பேசிருவோம். 2025 ஜூலையில கர்நாடகாவுல யுபிஐ கணக்கைப் பாத்து சின்ன வியாபாரிங்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போச்சு. பெங்களூர்ல நிறையக் கடையில அட்டையைக் கழட்டிட்டு "ரொக்கம் மட்டும்"னு எழுதி வச்சாங்க. அந்தச் சேதி வாட்ஸப்புல இங்கயும் வந்துட்டு. கணக்கு இதுதான்: பொருள் விக்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். சேவைத் தொழிலுக்கு அது 20 லட்சம். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. தினம் 2,000 ரூபாய்க்கு வித்தாலும் வருஷத்துக்கு 7 லட்சத்து 30 ஆயிரம்தான். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா நாலு கடைப் பணம் ஒரே பேர்ல போய் குவிஞ்சா, அந்த ஆளு பதில் சொல்லணும். இங்கயும் கேள்வி அதேதான், யார் பேர்ல?

கட்டணம் பிடிப்பாங்கன்னும் சிலர் பயப்படுதாங்க. பேங்க் கணக்குல இருந்து வர்ற யுபிஐ பணத்துக்கு வியாபாரிகிட்ட கட்டணம் வாங்கக் கூடாதுன்னு 2020 ஜனவரியில இருந்தே விதி இருக்கு.

டவுன்ல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். உங்க அம்மாவோ சித்தியோ ஊர்ல கடை வச்சிருந்தா, அட்டை உங்க பேர்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா அடுத்த லீவுல ஒரு நாள் ஒதுக்கி பேங்குக்குக் கூட்டிட்டுப் போய் அவங்க பேருக்கு மாத்திக் குடுங்க. பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் போடவே வேண்டாம், போடச் சொன்னா அவன் திருடன்னு சொல்லிக் குடுங்க. ஏமாந்துட்டா உடனே 1930-க்குக் கூப்பிடணும்னு சுவத்துல பெருசா எழுதி வைங்க.

அதுவரைக்கும் "சில்லறையாக் குடுய்யா"ன்னு ஒரு ஆச்சி கேட்டா, பட்டிக்காடுன்னு சிரிக்காதீங்க. தன் காசு தன் கைக்கு வரணும்னு கேக்குறாங்க. அவ்வளவுதான்.