சிப்பாய்க்குத் தமிழ், அதிகாரிக்கு இல்லையா?

கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடியிலோ புவனகிரியிலோ பிளஸ் டூவைத் தமிழ்வழியில் முடித்த மாணவர் ஒருவர் ராணுவத்தில் சேர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிப்பாய் நிலையில் அக்னிவீர் ஆக வேண்டுமானால், 2025 முதல் பொது நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அதிகாரியாக நினைத்து, கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு விண்ணப்பித்தால் அந்த வாய்ப்பு இல்லை. யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. தேர்வின் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது.

இந்தத் தேர்வின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண்: கணிதம் 300, பொதுத்திறன் 600. பொதுத்திறனில் ஆங்கிலத்துக்கு 200 போக, இயற்பியல், வேதியியல், வரலாறு, புவியியல் போன்றவற்றுக்கு 400. ஆக, இந்திவழியில் படித்தவர் 700 மதிப்பெண்ணுக்கான கேள்விகளைத் தம் தாய்மொழியில் படித்துப் பதில் எழுதுகிறார். தமிழ்வழி மாணவருக்கு அந்த 700-உம் வேற்றுமொழியில்தான். அடுத்த கட்டமான, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள் சோதனைக்கும் 900 மதிப்பெண். அதன் வாசலுக்கே பலர் போய்ச் சேர்வதில்லை.

அதிகாரிக்கு ஆங்கிலம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். அதற்காகத்தான் தனியாக 200 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் திரிகோணமிதியை இந்தியில் எழுதியவர் நல்ல அதிகாரி ஆகலாம், தமிழில் எழுதியவர் ஆக முடியாது என்பதற்கு என்ன நியாயம்? மாவட்டத்தையே ஆளப்போகும் ஐ.ஏ.எஸ். அதிகாரி, முதன்மைத் தேர்வின் பொதுப்பாடத் தாள்களைத் தமிழில் எழுதலாம், நேர்காணலையும் தமிழில் சந்திக்கலாம். அதையும் நடத்துவது இதே யு.பி.எஸ்.சி.தான்.

மொழிபெயர்ப்பது சிரமம் என்ற பதிலும் இனிச் செல்லாது. 2023 ஏப்ரலில் சி.ஆர்.பி.எஃப். காவலர் தேர்வில் தமிழ் இல்லை என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். அதே மாதத்தில், மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்த உள்துறை அமைச்சகம் ஒப்புக்கொண்டது. 2024-இல் நடத்தியும் காட்டியது. அமராவதிநகர் சைனிக் பள்ளிக்கான ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வையும் தமிழில் எழுதலாம். பத்து வயதுச் சிறுவனுக்கு உண்டு, பதினேழு வயது இளைஞனுக்கு இல்லை! டேராடூன் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியின் எட்டாம் வகுப்புச் சேர்க்கையிலும் இதே குறைதான். தமிழ்நாட்டில் அந்தத் தேர்வை நடத்துவது டி.என்.பி.எஸ்.சி.; ஆனாலும் கணிதத்தையும் பொது அறிவையும் எழுத ஆங்கிலமோ இந்தியோதான் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பாகுபாடு ஒரு பழைய கதையை நினைவுக்குக் கொண்டுவருகிறது. இந்திய ராணுவத்தின் தந்தை என்று ஆங்கிலேயர் கொண்டாடும் ஸ்டிரிங்கர் லாரன்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தலைமையேற்க 1748-இல் வந்து சேர்ந்தது கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு. கம்பெனியின் சிப்பாய்ப் படைகளில் துப்பாக்கி பிடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள், தலைமை அதிகாரிகள் வெள்ளையர்கள். சிப்பாய் வேலைக்கு உள்ளூர் மொழி, அதிகாரி வேலைக்கு வேறு மொழி என்ற இன்றைய ஏற்பாடு அந்தக் காலத்தை நினைவூட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேறு வழியே இல்லை என்பதல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பட்டம் படித்து, என்.சி.சி.யில் 'சி' சான்றிதழை 'பி' கிரேடுக்குக் குறையாமல் பெற்றவர்கள், எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி.க்குப் போகலாம்; வென்றால் சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமி. ஆனால் அது குறுகிய காலப் பணிக்கான வழி. பதினாறரை வயதில் திறக்கும் என்.டி.ஏ. கதவுக்கு அது ஈடாகாது.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் பெரும்பாலான இடங்களுக்கு நாடாளுமன்ற உறுப்பினர்களின் பரிந்துரை வேண்டும். ஓர் உறுப்பினரின் கணக்கில் ஒரே சமயத்தில் ஐந்து பேர் வரை அங்கே படிக்கலாம். இங்கே அப்படி இல்லை. என்.டி.ஏ.வில் மாநில ஒதுக்கீடும் கிடையாது, எம்.பி. கடிதமும் செல்லாது. அது நல்லதே. ஆனால் பரிந்துரைக்கு இடமில்லாத தேர்வில் வினாத்தாளாவது எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும். கடலூர் எம்.பி. விஷ்ணு பிரசாத்தும் சிதம்பரம் எம்.பி. திருமாவளவனும் யாருக்கும் இடம் வாங்கித் தர வேண்டாம். ஆங்கிலப் பகுதி நீங்கலாக என்.டி.ஏ. வினாத்தாள் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எப்போது வரும் என்று பாதுகாப்பு அமைச்சரிடம் மக்களவையில் கேட்டு, தேதியோடு பதில் வாங்கட்டும்.