வியர்வைக்கு ஏற்ற துண்டும் நம் சங்கங்களின் கடமையும்

திருவொற்றியூர்த் தேரடியில் விடியற்காலையில் சற்று நேரம் நிற்போர் இரு வகைத் துண்டுகளைக் காணலாம். பாரம் ஏற்றச் செல்லும் தொழிலாளர் தோளிலும், மீன் எடுக்கக் காசிமேடு செல்வோர் தலையிலும் கிடப்பது ஒன்று. அது மெல்லிய பருத்தித் துண்டு. உடற்பயிற்சிக் கூடத்திற்கு, அஃதாவது இளைஞர்கள் ‘ஜிம்’ என்று அழைக்கும் இடத்திற்கு, விரையும் பிள்ளைகளின் பையில் சுருண்டு கிடப்பது மற்றொன்று. அது பளபளக்கும் உறையில் வாங்கிய மைக்ரோபைபர்த் துண்டு. முதல் துண்டை நெய்தவர் நம் அங்கத்தினருள் ஒருவராக இருக்கக்கூடும். இரண்டாவதில் நம் உழவர் விளைத்த பருத்தியும் இல்லை. நம் நெசவாளர் கைப்பட்ட இழையும் இல்லை. தந்தை தோளில் கிடக்கும் துண்டு மகன் பையில் ஏன் இடம் பெறவில்லை? இக்கேள்வியை நம் சங்கங்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நம் கருத்து.

இக்கேள்வியை எழுப்புவதற்குத் திருவொற்றியூரைவிடப் பொருத்தமான இடம் அரிது. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளை நாடு முழுவதும் அறியும். 2021-இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று சார்பட்டாப் பரம்பரையின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. குத்துச்சண்டை மேடையின் மூலையில் நிற்கும் துணைவர் கையில் இருக்க வேண்டிய பொருள்களுள் துண்டும் ஒன்று. வீரனின் வியர்வையைத் துடைப்பதும் அதுவே. இனி அவனால் இயலாது எனக் கண்டவிடத்து மேடைமீது எறிந்து அவன் உயிரைக் காப்பதும் அதுவே என்பது அவ்விளையாட்டின் நெடுநாள் வழக்கம்.

நெசவுக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவோ அதனினும் பழமையானது. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றத் திருவொற்றியூரில் ஓர் ஊரை அமைத்தார். காலட் பேட்டை என வழங்கிய அவ்வூர் நாளடைவில் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்று மெட்ரோ இரயிலில் அந்நிலையத்தில் இறங்கும் இளைஞர்களுள் எத்துணைப் பேர் தாம் கால் வைக்கும் மண் நெசவாளருக்கென வகுக்கப்பட்ட மண் என்பதை அறிவர்? அவர்கள் பையில் இருக்கும் துண்டு அவ்வரலாற்றை அறியாதது.

நிற்க. துண்டு வாங்குவோரைப் பழம்பெருமை பேசி இழுக்க இயலாது. விளையாட்டுக்கும் பிரயாணத்துக்கும் எத்தகைய துண்டு நல்லது என்பதை நடுநிலையோடு ஆராய்ந்து, நம் சரக்கு எவ்விடத்தில் வெல்கிறது, எவ்விடத்தில் தோற்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே முறை.

வியர்வைக்கு உதவும் துண்டு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். ஈரத்தை விரைந்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிய ஈரத்தை விரைந்து விட்டு உலர வேண்டும். எடையிலும் பருமனிலும் பைக்குள் அடங்க வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படக் கூடியவை என்பதை நெசவாளர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. நூல் மிகுந்தால் உறிஞ்சும் அளவு மிகும். ஆனால் உலரும் நேரமும் எடையும் உடன் மிகும்.

முதலில் தேங்காய்ப்பூத் துண்டை எடுத்துக்கொள்வோம். நிலப்பாவு ஒன்று, வளையப்பாவு ஒன்று என இரண்டு பாவுகளைக் கொண்டு, இரு புறமும் வளையங்கள் எழும்ப நெய்வது இது. மராட்டிய மாநிலத்துச் சோலாப்பூரின் தேங்காய்ப்பூத் துண்டு புவிசார் குறியீடே பெற்றுள்ளது. வளையங்கள் நீரை மிகுதியாக ஏற்பதால் வீட்டுக் குளியலறைக்கு இதற்கு நிகர் இல்லை. ஆயின், கடற்கரைக் காற்றில் எப்பொழுதும் ஈரம் தங்கும் திருவொற்றியூரில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், கனத்த தேங்காய்ப்பூத் துண்டு எளிதில் உலர்வதில்லை. உலராத துண்டு நாற்றமெடுக்கும். அதையே மறுநாளும் பையில் வைத்துக்கொண்டு ஓடும் இளைஞனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, மைக்ரோபைபர். பெரும்பாலும் பாலியஸ்டரும் நைலானும் கலந்த மிக நுண்ணிய இழைகளால் ஆனது. சுருட்டினால் கைப்பிடியில் அடங்கும். பிழிந்து உதறினால் விரைவில் உலரும். இவ்விரு நன்மைகளையும் மறுப்பது நேர்மையன்று. ஆனால், பாலியஸ்டர் தானே நீரை ஏற்கும் இயல்புடையதன்று. வழக்கமான காற்றீரத்தில் பருத்தி தன் எடையில் நூற்றுக்கு எட்டு பங்குக்கு மேல் ஈரத்தைத் தன்னுள் கொள்ளும். பாலியஸ்டர் அரைப் பங்குகூடக் கொள்ளாது. இழைகளுக்கு இடைப்பட்ட நுண்ணிய சந்துகளில்தான் அது நீரைப் பிடித்து வைக்கிறது. உடம்பில் ஒட்டி இழுக்கிறது என்று சிலர் அதனை வெறுப்பதும் உண்டு. ஒவ்வொரு சலவையிலும் அதிலிருந்து உதிரும் நுண்ணிழைகள் மட்கிப் போகாமல் நீரோடு சென்று கடலிற் சேர்கின்றன. கடலை நம்பி வாழும் ஊராருக்கு இஃது அற்பமான செய்தி அன்று.

மூன்றாவது, நம் கைத்தறிச் சாதாத் துண்டு. கேரளத்தார் ‘தோர்த்து’ என்பதும், வங்காளத்தார் ‘கம்சா’ என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. அஸ்ஸாமியரின் ‘கமோசா’ 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. புழுக்கமும் மழையும் மிகுந்த நாடுகள் அனைத்தும் மெல்லிய பருத்தித் துண்டையே தேர்ந்தமை தற்செயல் அன்று. வளையம் இல்லாமையால் காற்று ஊடுருவிச் செல்லும். கொடியில் விரித்தால் விரைவில் உலரும். மடித்தால் சட்டையளவு இடமே கொள்ளும். இரயிற் பிரயாணத்தில் அதுவே போர்வை, அதுவே தலையணை உறை, அதுவே வெயிலுக்குத் தலைப்பாகை. இதனோடு, தேன்கூட்டைப் போல் குழி குழியாக நெய்யும் துண்டும் உண்டு. சாதா நெசவைவிட மிகுதியாக உறிஞ்சி, தேங்காய்ப்பூவைவிட விரைவாக உலர்வதால் உடற்பயிற்சிக்கு அது மிகவும் ஏற்றது.

ஆகவே, பிரயாணத்துக்குச் சாதாத் துண்டு, பயிற்சிக்குத் தேன்கூட்டு நெசவு அல்லது மெல்லிய தேங்காய்ப்பூ, வீட்டுக்குக் கனத்த தேங்காய்ப்பூ என்பது நம் முடிவு. வாங்கும்போது செய்யத்தக்க சோதனைகள் மூன்று. முதலாவது எடைச் சோதனை. துண்டின் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி, கிராம் எடையை அதனால் வகுத்தால் ஒரு சதுர மீட்டரின் எடை கிடைக்கும். கடைக்காரர் ‘ஜி.எஸ்.எம்.’ என்பது இதுவே. ஒன்றரை மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் உள்ள துண்டு 180 கிராம் நிறுத்தால், சதுர மீட்டருக்கு 160 கிராம் ஆகிறது, பிரயாணத்துக்கு உகந்தது. அதே அளவுத் துண்டு 450 கிராம் நிறுத்தால் 400 ஆகிறது, வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டாவது, துளிச் சோதனை. துண்டின்மேல் ஒரு துளி நீரை விடுங்கள். உடனே பரவி மறைந்தால் நன்று. முத்துப்போல் உருண்டு நின்றால் அதில் கஞ்சியோ, மெருகுப் பூச்சோ இருக்கிறது என்று பொருள். மூன்றாவது, சாயச் சோதனை. நனைத்த வெள்ளைத் துணியால் துண்டின் கரையை அழுந்தத் தேய்த்துப் பாருங்கள்.

வாங்கிய பின் செய்ய வேண்டியவையும் சில உண்டு. புதுத் துண்டை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை துவைத்த பின்னரே உபயோகிக்க வேண்டும். துணியை மிருதுவாக்கும் திரவங்களைத் துண்டுக்கு இடலாகாது. அவை இழைமேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும். ஒருவர் துண்டை மற்றொருவர் உபயோகிப்பது படர்தாமரை போன்ற தோல் நோய்களுக்கு வழி. உடற்பயிற்சிக் கூடத்தில் பலர் படுத்தெழுந்த பலகைமீது விரிக்க ஒன்று, முகம் துடைக்க ஒன்று என இரண்டு சிறு துண்டுகள் கொண்டு செல்வது நலம். இரண்டின் நிறமும் வேறாக இருந்தால் மாறிப் போகாது.

இதுவரை கூறியவற்றால் நம் துண்டு குணத்தில் குறைந்தது அன்று என்பது வெளிப்படை. அவ்வாறாயின் இளைஞன் ஏன் அதனை விட்டு விலகினான்? இவ்விடத்தில் கசப்பான உண்மை ஒன்றைக் கூற வேண்டியிருக்கிறது. சில மாதங்களுக்கு முன், நாம் தணிக்கைக்குச் சென்றிருந்த சங்கம் ஒன்றின் விற்பனைச் சாலையில், கல்லூரி மாணவர் ஒருவர் துண்டைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றார். “ஐயா, இது வியர்வையைத் துடைக்கவில்லை, முகத்தில் வழித்துவிட்டுப் போகிறது. என் வெள்ளைப் பனியனெல்லாம் சிவப்பாகிவிட்டது” என்றார். விற்பனையாளரோ, “துவைக்கத் துவைக்கச் சரியாகிவிடும் தம்பி” என்று கூறி அனுப்பிவிட்டார். நாம் அத்துண்டை வாங்கி நீர் விட்டுப் பார்த்தோம், துளி உருண்டது. அளந்து பார்த்தோம், சீட்டில் எழுதிய நீளத்துக்கு நான்கு விரற்கடை குறைந்தது. அம்மாணவர் மீண்டும் ஒரு சங்கத்தின் வாயிலை மிதிப்பார் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டா?

பாவுக்குக் கஞ்சி இன்றியமையாதது. அதனை யாரும் மறுக்கவில்லை. ஆனால், நெய்து முடித்த துண்டுக்கு எடையும் விறைப்பும் காட்டக் கஞ்சி ஏற்றி அடுக்கில் வைப்பது வேறு காரியம். அது சேலைக்கு அழகு, துண்டுக்குக் கேடு. சாயமும் அத்தகையதே. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ‘மதராஸ்’ கட்டம் போட்ட சட்டைத் துணியைச் சாயம் போவதையே ஒரு சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். சட்டையில் அஃது ஒரு நாகரிகமாகலாம். முகம் துடைக்கும் துண்டில் ஆகாது.

சட்டம் நமக்குத் துணை நிற்கவில்லை என்று கூற இயலாது. 1985-ஆம் ஆண்டின் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட பதினொரு வகைத் துணிகளுள் துண்டும் இடம் பெற்றுள்ளது. 2006 முதல் கைத்தறி முத்திரையும் வழங்கப்படுகிறது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நம் சரக்கை விற்கக் கடைகளை நடத்தி வருகிறது. ஆனால், சட்டம் விசைத்தறியைத் தடுக்கலாம். வாங்குவோர் மனத்தைக் கட்டாயப்படுத்த அதனால் ஆகாது. முத்திரை கைத்தறி என்று சாட்சி சொல்லும். நல்ல துண்டு என்று சாட்சி சொல்ல வேண்டியது துண்டேயாகும்.

ஆதலின் நம் சங்க நிர்வாகிகளுக்கு ஐந்து யோசனைகளைக் கூறுகிறோம். துண்டை விற்பனைக்கு அனுப்புமுன் கஞ்சி நீங்க அலசி உலர்த்துங்கள். அலசிய பின் உள்ள நீள அகலத்தையும் எடையையும் சீட்டில் எழுதுங்கள். கெட்டிச் சாயம் அன்றி வேறு சாயம் இட்ட நூலைத் துண்டுக்குக் கொடாதீர்கள். கெட்டிச் சாயம் கிடைக்காதபோது வெள்ளையாகவே நெய்யுங்கள். தேன்கூட்டு நெசவில் உடற்பயிற்சிக்கென ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள சிறு துண்டுகளை நெய்து, மாட்டுவதற்கு ஓரத்தில் ஒரு நாடாக் காது வைத்துத் தையுங்கள். திருப்பிக் கொண்டு வரும் துண்டை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வேலைக்கூலி சற்றுக் கூடினும், ஒரு துண்டு வாங்கியவர் மறு துண்டுக்கு வருவதே வியாபாரம்.

பருத்தி விளைக்கும் அங்கத்தினருக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு பவுண்டு எடையில் 840 கஜக் கழிகள் இருபது நிற்கும் நூலே 20-ஆம் நம்பர் நூல். துண்டுக்கு இத்தகைய பருமனான நூலே போதும். அதற்கு மிக நீண்ட இழைப் பருத்தி வேண்டுவதில்லை. ஆனால் சுத்தமான பருத்தி வேண்டும். சாக்கு நாரும், பிளாஸ்டிக் பையின் துணுக்கும் கலந்து வரும் பருத்தி, நூலில் முடிச்சாகி, துண்டில் சாயம் ஏறாத புள்ளியாகி நிற்கும். காட்டில் எடுக்கும்போதே துணிப் பையில் எடுப்பது பெரிய செலவு அன்று.

தோளில் துண்டு போடும் உரிமைக்காகவே எளியோர் போராடிய நாடு இது. அத்துண்டு இன்று வெளியாரால் பறிக்கப்படவில்லை. நம் கவனக் குறைவால் நழுவிக்கொண்டிருக்கிறது. குத்துச்சண்டை மேடையில் துண்டை எறிவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும். நம் சங்கங்கள் இன்னும் அந்நிலைக்கு வரவில்லை. காலடிப்பேட்டையில் இறங்கும் இளைஞன் தன் பையில் நம் துண்டை விரும்பி வைத்துக்கொள்ளும் நாள் வர வேண்டுமாயின், அடுத்த பாவு ஏற்றுமுன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தாம் நெய்த துண்டின்மேல் ஒரு துளி நீரை விட்டுப் பார்ப்பார்களாக.