நமக்கேற்ற மிதிவண்டி

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

யானையை வாங்கியவன் அங்குசம் வாங்கக் காசில்லாமல் நின்றானாம். இன்று நம்மவர் வாகனம் வாங்கும் முறையைப் பார்த்தால் இக்கதைதான் நினைவுக்கு வருகிறது. பிள்ளை கல்லூரியில் சேர்ந்த கையோடு தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுப்பது நம் ஊர்களில் வழக்கமாகி வருகிறது. பல வீடுகளில் படிப்பு முடிந்த பின்னும் தவணை முடிவதில்லை. சில வீடுகளில் தவணைக்காகப் படிப்பே முடிந்துவிடுகிறது! உழைத்து உண்ணும் குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்கு ஏற்ற வாகனம் மிதிவண்டியே. அதிலும் நம் தெருமுனைக் கடைக்காரர் பழுது பார்க்கக்கூடிய எளிய மிதிவண்டியே சிறந்தது என்பது என் கருத்து.

"இலவசப் பேருந்து அட்டை இருக்கும்போது மிதிவண்டி எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். பேருந்து நம்மிடம் காசு கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் நேரத்தைக் கேட்கிறது. எங்கள் ஊரிலிருந்து கல்லூரி 11 கிலோமீட்டர். காலையில் வரும் பேருந்துகள் இரண்டு. முதலாவதைப் பிடிக்க விடியுமுன் சமைத்து முடிக்க வேண்டும். இரண்டாவதில் வந்தால் முதல் மணி வகுப்பு பாதி போய்விடும். மாலையில் பேருந்தை விடக் கூடாதென்று செய்முறை வகுப்பில் கடைசி அளவீட்டை அவசரமாக எடுத்துவிட்டு ஓடுகிறோம். நூலகத்தில் அரை மணி உட்கார முடிவதில்லை. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே கேள்விக்குறியாகிறது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு பேருந்து வராததால் என் படிப்பு நின்றது என்ற நிலை வரக் கூடாதல்லவா?

சரி, எந்த மிதிவண்டி? கடை வாசலில் 21 கியர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக் என்று பளபளக்கும் வண்டிகள் நிற்கின்றன. மலைப்பாதைக்குக் கியர் தேவை. மேடு பள்ளம் அதிகமில்லாத நம் சாலைக்குத் தேவையா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் நகரும். பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் ஃப்ரீவீலில் 18 பற்களும் இருந்தால், பெடலை ஒரு முறை சுற்றினால் வண்டி 5.4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 50 சுற்று மிதிப்பது யாருக்கும் கடினமன்று. அப்படி மிதித்தால் மணிக்கு 16 கிலோமீட்டர். 11 கிலோமீட்டரை 41 நிமிடத்தில் கடந்துவிடலாம். ஆடிக் காற்று எதிர்த்து அடித்தால் 10 நிமிடம் கூடும், அவ்வளவே.

ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டிகளில் இன்னொரு குறையும் உண்டு. நாம் எழுந்து அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் ஸ்பிரிங் அமுங்கி, நம் உழைப்பில் ஒரு பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. மேலும் இவற்றில் பலவற்றுக்குக் கேரியரும் மட்கார்டும் கிடையா. புத்தகப் பையை முதுகில் சுமந்து, மழையில் சேற்றையும் சுமந்து வகுப்புக்கு வர வேண்டியதுதான்.

உதிரி பாகம் கிடைப்பது அழகைவிட முக்கியம். சாதாரண வண்டியின் டயர், டியூப், போக்ஸ் கம்பி, பிரேக் கட்டை, பால்ரஸ் எல்லாம் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். ஒரு கம்பெனியின் பாகம் இன்னொரு கம்பெனி வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். 1951-ல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் நிறுவனத்தின் கடைசி ஆலை 2020-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயினும் அட்லஸ் வண்டிகள் இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. இதற்கு அந்தப் பொதுத்தன்மையே காரணம்.

வாங்கும்போது முதலில் உயரத்தைப் பாருங்கள். சீட்டில் அமர்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மடங்கியே இருந்தால் முழங்கால் வலி நிச்சயம். சேலை, சுடிதார் அணிபவர்கள் செயினை முழுதும் மூடும் தகடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் எந்த வண்டியும் உடனே நிற்காது என்பதை மறவாமல், பிரேக் கட்டை தேயுமுன் மாற்ற வேண்டும். நல்ல பூட்டும் இரவுக்கு விளக்கும் ஆடம்பரமல்ல.

பழைய வண்டி வாங்குவதில் இழிவேதும் இல்லை. ஆனால் சோதித்து வாங்க வேண்டும். குழாய்கள் சேரும் இடங்களில் விரிசல் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தால் கோட்டம் தெரியும். சிறு கோட்டமானால் கடைக்காரர் எடுத்துவிடுவார். செயினுக்கு ஓர் அளவுகோல் போதும். புதுச் செயினில் 24 கண்ணிகள் சேர்ந்து சரியாக 12 அங்குலம் இருக்கும். அது அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றாவிட்டால் ஃப்ரீவீல் பற்களையும் தின்றுவிடும்.

ஒரு வண்டி எத்தனை வேலைக்கு உதவும் என்பதை நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களிடம் கேட்க வேண்டும். 1991-ல் இங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பலர் விரும்பியது பார் வைத்த ஆண்கள் வண்டியைத்தான். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதே காரணம். கேரியரில் தண்ணீர்க் குடமும் வந்தது. அக்காலத்தில் சிறுமியாக இருந்து குரங்கு பெடலில் பழகிய என் தாயார், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் கையால் துடைத்த வண்டியில்தான் நான் கல்லூரிக்கு வருகிறேன்.

அந்த வண்டி, பதினொன்றாம் வகுப்பில் அரசு எனக்குத் தந்தது. 2001–02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய இத்திட்டம் 2005–06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர் அனைவருக்கும் விரிந்தது. அப்படிக் கிடைத்த வண்டிகள் இன்று எங்கே? எங்கள் தெருவில் இரண்டு, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. என் வண்டிக்கு இரண்டு டயர், இரண்டு டியூப், ஒரு செயின், ஓவராலிங் கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் ஆயிற்று. ஆகவே நண்பர்களே, புதிது வாங்குமுன் வீட்டுத் தாழ்வாரத்தில் துருப்பிடித்து நிற்பதை ஒரு முறை கடைக்குத் தள்ளிச் செல்லுங்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. மோட்டார் வாகனங்களுக்குக் கூரை இருப்பதுபோல் மிதிவண்டிகளுக்கும் ஒரு கூரையும், காற்றடிக்கும் பம்பு ஒன்றும் வேண்டும். பருவத் தொடக்கத்தில் ஒரு நாள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவரை வரவழைத்து, பஞ்சர் ஒட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் எல்லோருக்கும் கற்றுத்தரலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வண்டி இருந்தும் வெயிலுக்கும் பஞ்சருக்கும் அஞ்சிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பலர், மறுநாளே முதல் மணிக்கு வந்து அமர்வார்கள் என்பதில் ஐயமில்லை.