அரசு டாக்டர் லஞ்சம் கேட்டா கேஸ் போடக் கூடாதா?

கொஞ்சம் நீளமான த்ரெட். அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர் நான், குடியிருக்கிறது வண்டியூர். சக டாக்டர்கள் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை, முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

நோயாளிகிட்ட லஞ்சம் கேட்ட அரசு டாக்டர் கைதுன்னு ஒரு செய்தி வந்தா போதும், டாக்டர்கள் வாட்ஸ்அப் குழுக்கள்ல மூணு பதில் தயாரா நிக்கும். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வாங்கலையா, விஏஓ வாங்கலையா?" "கீழ இருக்கிறவன் வாங்கினதுக்கு டாக்டரை மாட்டி விட்டுட்டாங்க." "முதல்ல எங்க சம்பளத்தைச் சரி பண்ணச் சொல்லுங்க."

சம்பளத்துல இருந்தே ஆரம்பிப்போம். அரசாணை 354 போட்டது 2009-ல. அதை ஒழுங்கா அமல்படுத்தச் சொல்லி 2019-ல நடந்த ஸ்ட்ரைக்கோட கோரிக்கைகள் அத்தனையும் நியாயம்னுதான் இன்னைக்கும் சொல்வேன். ஆனா எங்களை ஏமாத்தினது அரசு. பிரசவத்துக்கு வந்த பொண்ணோட மாமியார் இல்லை. அரசு தர வேண்டிய பாக்கியை அந்தம்மா சுருக்குப்பையில இருந்து எடுக்கிறது எந்த ஊரு நியாயம்?

அதுவும் போக, லஞ்சம் கேக்கிறவர் சம்பளம் பத்தாம கேக்கலை. கேக்கிற இடத்துல உக்காந்திருக்கிறதால கேக்கிறாரு. தியேட்டர் லிஸ்ட்ல யார் பேரு முன்னாடி வரணும்னு முடிவு பண்ற கை, காயச் சான்றிதழ்ல சாதாரண காயமா கொடுங்காயமான்னு எழுதுற கை, மாற்றுத்திறனாளி சான்றிதழ்ல சதவீதம் போடுற கை. அந்த இடத்துக்கு வராத ஆயிரக்கணக்கான டாக்டர்கள் அதே சம்பளத்துலதான் நைட் டூட்டி பார்த்துட்டு இருக்காங்க. அவங்களையும் சேர்த்துல்ல கேவலப்படுத்துது இந்த வாதம்.

அடுத்து "விஏஓ வாங்கலையா". வாங்கினா அவரையும் பிடிங்க, நான் வேண்டாங்கலையே. ஆனா பட்டா மாறுதலுக்குப் போறவர் "சரி, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னு திரும்பி வந்துரலாம். இடுப்பு வலி எடுத்த பொண்ணு திரும்பிப் போக முடியுமா? தொடை எலும்பு உடைஞ்சு கட்டில்ல கிடக்கிற மனுஷன் எந்திரிச்சு நடந்து போவாரா? 1988-ஆம் வருஷ ஊழல் தடுப்புச் சட்டத்துல ரெண்டும் ஒரே 7-ஆம் பிரிவுதான், குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம். என்னைக் கேட்டா, வார்டுல கேக்கிறது லஞ்சம்ங்கிறதை விட வழிப்பறிக்குப் பக்கத்துல இருக்கு.

"கீழ இருக்கிறவன் வாங்கினான்" சங்கதி. ஸ்ட்ரெச்சர் தள்ள நூறு, பையன் பொறந்தா ஒரு ரேட்டு, பொண்ணு பொறந்தா ஒரு ரேட்டுன்னு தமிழ்நாடு பூராம் ஜனங்க சொல்றாங்க. அந்த ஊழியர் வாங்கினதும் குற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனா டாக்டருக்காக இன்னொருத்தர் வாங்கினாலும் அது டாக்டர் வாங்கின மாதிரிதான்னு அதே 7-ஆம் பிரிவு விளக்கத்துல தெளிவா எழுதியிருக்கு. அதனால நேர்ல கையை நீட்டலைங்கிறது ஒரு தப்பிக்கிற வழியே இல்லை.

பொய் கேஸ் பயம் இருக்கில்ல, அதையும் பேசிருவோம். லஞ்ச ஒழிப்புத் துறை பொறி வைக்கிறது எப்படின்னு நிறைய பேருக்கு அரைகுறையாத்தான் தெரியுது. எழுத்துல புகார், எஃப்ஐஆர், வேற துறையில இருந்து ரெண்டு அரசு ஊழியர்கள் சாட்சி, நோட்டு நம்பரெல்லாம் குறிச்சு பினாப்தலின் பவுடர் தடவி அனுப்புவாங்க. வாங்கின கையை சோடியம் கார்பனேட் கரைசல்ல முக்கினா கரைசல் இளஞ்சிவப்பா மாறும். (ஒரு காலத்துல பினாப்தலினை பேதி மருந்தா கொடுத்திருக்கோம். வாங்கின ஆளுக்கு இன்னைக்கும் அதே வேலையைத்தான் செய்யுது.)

கரைசல் சிவந்தா மட்டும் கேஸ் ஜெயிச்சுறாது. பணம் கைப்பற்றினது மட்டும் பத்தாது, கேட்டதையும் நிரூபிக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2014-ல ஜெயராஜ் வழக்குல சொல்லிருச்சு. 2022 டிசம்பர் 15-ல நீரஜ் தத்தா வழக்குல அஞ்சு நீதிபதி அமர்வு, புகார் கொடுத்தவர் இறந்துபோனாலும் பிறழ்சாட்சி ஆனாலும் மத்த சாட்சியங்களை வச்சு நிரூபிக்கலாம்னு சொன்னாங்க. அப்பவும் கேட்டதுக்கு ஆதாரம் வேணும். அந்த விதியை வச்சே அடுத்த மார்ச்சுல அதே நீரஜ் தத்தாவை, ஆதாரம் பத்தலைன்னு விடுதலை பண்ணினாங்க. டாக்டருக்கு மேல வழக்கு நடத்த 19-ஆம் பிரிவுப்படி அரசு அனுமதியும் வேணும். ஒரு அரசு ஊழியருக்கு இவ்வளவு வேலி இருக்கு. இருக்கணும், எனக்கும் அது பாதுகாப்பு. ஆனா இவ்வளவையும் தாண்டி ஒரு டாக்டர் கூண்டுல நிக்கிறார்னா, "டாக்டர் சமுதாயத்துக்கே அவமானம்"னு அழுறதுல அர்த்தமே இல்லை.

நோயாளிக்கு என்ன வேலி இருக்கு? இங்கதான் விஷயமே இருக்கு.

2018 ஜூலை 26-ல சட்டத்தைத் திருத்தினாங்க. அதுக்கப்புறம் லஞ்சம் கொடுக்கிறதும் 8-ஆம் பிரிவுல தனிக் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினாங்கன்னா விதிவிலக்கு உண்டு, ஆனா கொடுத்த ஏழு நாளுக்குள்ள போலீஸ்லயோ விசாரணை அமைப்புலயோ சொல்லிறணும். லஞ்சம் கொடுத்தேன்னு வாக்குமூலம் கொடுக்கிறவருக்கு முன்னாடி 24-ஆம் பிரிவுல இருந்த பாதுகாப்பையும் அதே திருத்தத்துல தூக்கிட்டாங்க.

ஏழு நாள். சிசேரியன் பண்ணினா தையல் பிரிக்கிறதே வழக்கமா ஏழாவது நாளை ஒட்டித்தான். அதுவரைக்கும் அம்மாவும் பிள்ளையும் யார் கையில இருக்காங்க? காசு வாங்கினவர் யூனிட்லதான். காலையில ரவுண்ட்ஸ் வர்றது அவரு, டிரிப் போடச் சொல்றது அவரு, டிஸ்சார்ஜ் எழுதுறது அவரு. அந்தப் புருஷன்காரன் கட்டில் பக்கத்துல இருந்து கிளம்பிப் போய் புகார் எழுதிக் கொடுத்துட்டு, திரும்ப அதே வார்டுக்கு வந்து டாக்டர் முகத்துல முழிக்கணும். இதை எழுதினவங்க பிரசவ வார்டு வராண்டாவுல ஒரு ராத்திரி பாய் விரிச்சுப் படுத்திருந்தா இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டாங்க.

இப்ப நம்ம பக்கத்து ஊர் கதை ஒண்ணு. 2023 டிசம்பர் 1, திண்டுக்கல். அமலாக்கத்துறை மதுரை அலுவலக அதிகாரி அங்கித் திவாரி, ஒரு அரசு டாக்டர்கிட்ட 20 லட்சம் வாங்கினார்னு லஞ்ச ஒழிப்புத் துறை கைது பண்ணுச்சு. முதல்ல மூணு கோடி கேட்டு, 51 லட்சத்துக்கு இறங்கி வந்து, நவம்பர் 1-ல முதல் தவணை 20 லட்சம் வாங்கினதாவும், நவம்பர் 30-ல டாக்டர் புகார் கொடுத்ததாவும் துறையே அப்ப சொன்னது. அந்த வழக்கு அப்புறம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது தனிக் கதை, குற்றம் உண்மையா இல்லையான்னு கோர்ட் சொல்லட்டும்.

நான் சொல்ல வர்றது வேற. முதல் தவணைக்கும் புகாருக்கும் நடுவுல நாலு வாரம். யாராவது அந்த டாக்டரைப் பார்த்து "நீங்க ஏன் ஏழு நாளுக்குள்ள வரலை"ன்னு கேட்டமா? கேக்கலை, கேக்கவும் கூடாது. மிரட்டினவன் அதிகாரத்துல இருக்கான், பயந்துதான் கொடுத்திருப்பாருன்னு நம்மளுக்கு உடனே புரிஞ்சுது. படிச்ச, சம்பாதிக்கிற, ஊர்ல மரியாதை உள்ள ஒரு டாக்டருக்கே அவ்வளவு நாள் ஆச்சு. மாட்டுத்தாவணி மார்க்கெட்ல மூட்டை தூக்குற அண்ணனுக்கு எத்தனை நாள் ஆகும்? அவர் புகார் கொடுத்தா மட்டும் "எவனோ தூண்டி விட்டிருக்கான்"னு நம்ம ஆளுங்க குரூப்ல எழுதுறாங்க.

இன்னொரு ஓட்டையும் இருக்கு, அதைப் பத்தி டாக்டர்கள் பேசவே மாட்டாங்க. சாயங்கால கிளினிக்.

தமிழ்நாட்டுல டூட்டி நேரம் போக அரசு டாக்டர்கள் தனியா பிராக்டீஸ் பண்ணலாம், அது தப்பில்லை. 2011-ல கன்வர்ஜித் சிங் கக்கர் வழக்குல உச்ச நீதிமன்றம், தடை இருந்தும் தனியா நோயாளி பார்த்து ஃபீஸ் வாங்கின பஞ்சாப் அரசு டாக்டர்கள் மேல ஊழல் வழக்கு நிக்காது, அது துறை நடவடிக்கைக்கான விஷயம்னு சொன்னது. ஃபீஸ் வேற, லஞ்சம் வேற. சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா அரசு ஆஸ்பத்திரி தியேட்டர்ல ஆபரேஷன் தேதி கிடைக்கணும்னா முந்தின நாள் சாயங்காலம் கிளினிக்ல போய்ப் பார்த்துட்டு வரணும்னா, அங்க கொடுக்கிற காசுக்கு என்ன பேரு? ரசீதே போட்டுக் கொடுத்தாலும் அது ஃபீஸ் இல்லைங்க. அரசாங்கத்தோட தியேட்டரை, மயக்க மருந்தை, நர்ஸை அவர் வாடகைக்கு விடுறாரு. கேஸ் போடணும்னா இங்க போடணும். தியேட்டர் ரிஜிஸ்டரையும் கிளினிக் நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா தெரிஞ்சுரும், பவுடரே வேண்டாம்.

2025 ஜூன்ல இலங்கையில லஞ்ச ஆணைக்குழு ஒரு அரசு நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணரைக் கைது பண்ணினது இந்த மாதிரிக் குற்றச்சாட்டுலதான். ஆஸ்பத்திரியில கிடைக்கிற உபகரணத்தைத் தன் தனியார் நிறுவனம் மூலமா நோயாளிகளை அதிக விலைக்கு வாங்க வச்சதா. நிரூபணம் ஆகுதா இல்லையா, அது கோர்ட் வேலை. ஆனா கையில நோட்டு மாறுறதை மட்டும் பார்க்காம, ஆஸ்பத்திரிக்கு வெளிய போற காசையும் பின்தொடர்ந்து போயிருக்காங்க.

நம்ம ஊர்ல பெரும்பாலும் என்ன நடக்குது? புகார் வந்தா டிரான்ஸ்ஃபர். மதுரையில காசு கேட்டவரை ஏதாவது தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா அந்த ஊர்க்காரங்க என்ன பாவம் பண்ணினாங்க?

டாக்டர்கள் மேல கை வைக்கிறவங்களுக்கு எதிரா 2008-லயே தனிச் சட்டம் வாங்கினோம். 2024 நவம்பர்ல கிண்டியில ஒரு டாக்டரைக் கத்தியால குத்தினப்ப மாநிலம் பூராம் போராட்டத்துல இறங்கினோம். சரியாத்தான் செஞ்சோம். அந்த ஒற்றுமையில கால்வாசி, லஞ்சம் கேட்டதா வழக்கு நடக்கிறப்ப சாட்சி சொல்லப் போற நர்ஸுக்கும் பயிற்சி டாக்டருக்கும் கிடைக்குமா? வார்டுல யார் கேக்கிறா, யாருக்குப் பங்கு போகுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். நோயாளி ஏழு நாள்ல வீட்டுக்குப் போயிருவாரு, நம்ம அங்கேயேதான் இருக்கோம்.

நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. யாராவது கேட்டா, கொடுத்துட்டு அப்புறம் போகலாம்னு இருக்காதீங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடியே லஞ்ச ஒழிப்புத் துறையில சொல்லிட்டா, அவங்க சொல்லிக் கொடுக்கிற பணம் உங்க மேல குற்றமா வராது, சட்டத்துலயே இருக்கு. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வார்டு, யாரு, என்ன வார்த்தை சொல்லிக் கேட்டாங்கன்னு அன்னைக்கே எழுதி வச்சுக்கங்க. கோர்ட்ல நிக்கப் போறது அந்த வார்த்தைதான்.

சங்கப் பொறுப்புல இருக்கிற அண்ணன், அக்காமார்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த கூட்டத்துல ஒரு தீர்மானம் போடுங்க: புகார் கொடுத்த நோயாளியை அன்னைக்கே வேற யூனிட்டுக்கு மாத்தணும், டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் ஒரு சீனியர் டாக்டர் எழுத்துல பொறுப்பு ஏத்துக்கணும். அரசுக்குப் பைசா செலவில்லை. இதை எதிர்க்கிறவங்க காரணத்தைக் கீழ கமெண்ட்ல எழுதுங்க. பேரோட எழுதுங்க.