ஏரிச் சேற்றைத் தோண்டட்டும் மாணவர்கள்

மணப்பாறையைச் சுற்றியுள்ள கரடுகளைப் பார்த்ததும், 'மொட்டையாகக் கிடக்கிறதே, மரம் நட்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். தமிழக அரசும் 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவோம் என்றது. நல்ல நோக்கம்தான். ஆனால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரடுகளில் அடர்காடு இருந்ததா, முள்மரங்களுக்கிடையே புல் மண்டிய மேய்ச்சல் நிலம் இருந்ததா?

நீலகிரியில் இதே கேள்விக்குச் சேறு பதில் சொன்னது. உதகை அருகே சாண்டிநல்லாவின் சதுப்புப் பள்ளங்களில் மக்கியும் மக்காமலும் தாவரக் கரிச்சேறு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அதிலிருந்த மகரந்தத் துகள்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வசந்தி ஆராய்ந்து, 1988-ல் கட்டுரை வெளியிட்டார். 1993-ல் சூழலியலாளர் ரா. சுகுமாரின் குழு 'நேச்சர்' இதழில் எழுதியது இன்னொரு வழி. மரமும் வெப்பமண்டலப் புல்லும் மண்ணில் விட்டுச்செல்லும் கார்பனின் கைரேகை வேறு வேறு. அதை வைத்துப் பார்த்தால், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, வறண்ட காலத்தில், மலையில் புல் செழித்திருந்தது. பருவமழை வலுத்தபோது மரம் முன்னேறியது. கோடரி பட்ட காட்டின் மிச்சமல்ல அந்தப் புல்வெளி.

வெள்ளைக்காரர்களோ அதைப் பாழ்நிலம் என்று நினைத்து, 1840-களிலிருந்து சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (தைலமரம்) கொண்டுவந்தார்கள். பழனி மலைத்தொடரில் மரத்தோட்டங்களாலும் விவசாயத்தாலும் நாற்பதாண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதாக 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

சமவெளிக்கு வருவோம். மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு காகித நிறுவனத்தின் அட்டை ஆலை இருக்கிறது. தைலமரமும் சவுக்கும் விவசாயிக்குக் காசு. அதைக் குறை சொல்வதற்கில்லை. தைலத்தோப்பையும் காட்டுக் கணக்கில் எழுதுவதுதான் கோளாறு. பக்கத்திலேயே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கு வேண்டியது வேலமும் உசிலையும் கலந்த இந்த வறண்ட முட்காடுதான்.

இந்தப் பகுதியில் முன்பு என்ன வளர்ந்தது என்பதை எங்கே தேடுவது? திருச்சி தூய வளனார் கல்லூரியில் பாதிரியார் கே.எம். மேத்யூ 1967-ல் நிறுவிய ராபினாட் உலர்தாவரகம் இருக்கிறது. அங்குள்ள மாதிரிகள் அண்மைக்காலத் தாவரங்களைக் காட்டும். அதற்கு முந்தைய கதை ஏரி வண்டலில் கிடக்கிறது. கோடையில் காய்ந்து வெடிக்கும் ஏரியில் மகரந்தம் எளிதில் அழிந்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் புல் விட்டுச்சென்ற சிலிக்காத் துகள், கரித்துண்டு, கார்பன் ஆகியவற்றுக்கு ஆயுள் அதிகம்.

சிக்கல் என்னவென்றால், தூர்வாரும் பொக்லைன் அந்த அடுக்குகளையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகிறது. வயலுக்கு வண்டல் வேண்டும். தூர்வாருவதை நிறுத்தச் சொல்லவில்லை. இயந்திரம் இறங்கும் முன் ஒன்றியத்துக்கு ஓர் ஏரியிலாவது குழாய் இறக்கி மண் மாதிரி எடுக்க, முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பசுமை இயக்கம் உதவித்தொகை தரட்டும். எந்தக் கரட்டில் எதை நடுவது, எதை நடாமல் விடுவது என்பதை அந்த முடிவுகள் வந்த பிறகு தீர்மானிக்கலாம்.