கேப் சரியாக உட்கார்ந்ததா?

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பல் பேச்சு வராமல் இருக்காது. "கேப் போட்டீங்களா? ஜிர்கோனியாவா? எவ்வளவு ஆச்சு?" என்று விசாரிப்போம். அதை எப்படி உட்கார வைத்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

வேர் சிகிச்சை முடிந்த என் கடைவாய்ப் பல்லுக்கு முதலில் போட்ட கேப், ஐந்தே நிமிடத்தில் ஒட்டப்பட்டது. கடித்துப் பார்த்தேன், அந்தப் பக்கம் மட்டும் முதலில் இடித்தது. "ரெண்டு நாள்ல பழகிடும் சார்" என்றார்கள். எனக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம், தலையாட்டிவிட்டேன். பழகவில்லை. மறுபடி போனபோது மேற்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டார்கள். இடிப்பது நின்றது. ஆனால் ஈறு வீங்கியது, உணவு சிக்கியது.

வேறொரு டாக்டர் பார்த்துவிட்டுக் காரணம் சொன்னார். கேப் முழுதாக இறங்கவே இல்லையாம். உள்ளே சிமெண்ட் அதிகமாகிவிட்டால், அது வெளியேற வழியில்லாமல் கேப்பைத் தூக்கிப் பிடிக்கும். ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டும்போது கோந்து அதிகமானால் ஸ்டாம்ப் வழுக்கிக்கொண்டு நிற்குமே, அதே கதை. பக்கத்துப் பல்லோடு இறுக்கமாக உரசினாலும் கேப் இறங்காது. சிமெண்ட் இறுகியபின் அழுத்திப் பயனில்லை. மேலே தேய்த்தால் கடி சரியாகும். கீழே ஈறோரத்தில் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கும். அதன் வழியாக எச்சிலும் கிருமியும் போய் உள்ளே இருக்கும் பல்லைச் சொத்தையாக்கும். பீங்கான் கேப்பை முழுசாகக் கழற்ற வழியில்லாமல் அறுத்துத்தான் எடுத்தார். புதிதாகச் செய்ய இன்னொரு செலவு.

இரண்டாம் முறை நான் அவசரப்படவில்லை. அவர் சிமெண்ட் இல்லாமலே மாட்டிப் பார்த்தார். பல்லிடுக்கில் நூல் விட்டு உரசலைப் பார்த்தார். நீலத்தாளைக் கடிக்கச் சொன்னார், எக்ஸ்ரே எடுத்தார். பிறகு கழற்றி, எச்சில் படாமல் பஞ்சு வைத்து உலர்த்தி, உட்சுவரில் மெல்லிசாக மட்டும் சிமெண்ட் தடவினார். விரலால் ஒரே சீராக அழுத்தி, பஞ்சுச் சுருளைக் கடித்தபடி அசையாமல் இருக்கச் சொன்னார். ஓரத்தில் பிதுங்கியதையெல்லாம் சுத்தம் செய்து, கடியை மறுபடி பார்த்தபின்தான் அனுப்பினார்.

நண்பர்களே, கேப் ஒட்டும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டுவதற்கு முன்பே மாட்டிக் கடித்துப் பாருங்கள். துளி இடித்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சிமெண்ட் போடுவதற்கு முன் சொன்னால் திருத்தலாம். "பழகிடும்" என்றால், "இன்னொரு தரம் பாருங்க டாக்டர்" என்று கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை. அன்று கூச்சப்படாமல் கேட்டிருந்தால் எனக்கு ஒரு கேப்பின் காசு மிச்சமாகியிருக்கும்.